புறநகர் கேட்டட் கம்யூனிட்டி வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு தேடுகிற நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பல வருடங்களாக மதில் சூழ்ந்த ஒரு புறநகர்க் குடியிருப்பில் இருக்கிறேன். அதன் சங்கத்தில் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் இருந்திருக்கிறேன். விளம்பரப் பலகையில் வராத விஷயங்களைத்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

கேட்டட் கம்யூனிட்டி என்று எதைச் சொல்கிறோம்?

சுற்றிலும் மதிலோ வேலியோ இருக்கும். உள்ளே வர ஒன்றிரண்டு வாயில்கள், வாயிலில் காவல். உள்ளே இருக்கிற சாலை, தெருவிளக்கு, பூங்கா, மழைநீர் வடிகால் எல்லாம் அங்கே வீடு வைத்திருப்பவர்களின் பொதுச் சொத்து. வீடு பார்க்க வருகிறவர்கள் மதிலைப் பார்க்கிறார்கள், காவலைப் பார்க்கிறார்கள், நீச்சல் குளத்தைப் பார்க்கிறார்கள். சாலை யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு. சாதாரணத் தெருவில் குழி விழுந்தால் உள்ளாட்சியிடம் மனு கொடுக்கலாம். இங்கே அந்தக் குழி உங்களுடையது. அதை மூடக் காசு போடுவதும், எப்போது மூடுவது என்று முடிவெடுப்பதும், வேலையைச் சரியாகச் செய்தார்களா என்று பார்ப்பதும் நீங்களும் உங்கள் அக்கம்பக்கத்தாரும்தான். வீட்டோடு சேர்த்து ஒரு குட்டி உள்ளாட்சியில் பங்கும் வாங்குகிறீர்கள். இந்த வாழ்க்கை இனிப்பதும் கசப்பதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

இது புது வழக்கமா?

இல்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லூவெலின் பார்க் 1850-களிலேயே வாயிலும் காவலுமாக உருவானது. தாமஸ் எடிசன் 1886-இல் அங்கேதான் வீடு வாங்கினார். அதே ஆண்டு நியூயார்க் அருகே டக்ஸிடோ பார்க் என்ற இடம் செல்வந்தர்களுக்காக வேலி போட்டு அமைக்கப்பட்டது. அப்போது இது பெரும் பணக்காரர்களின் ஏற்பாடு. நடுத்தர வர்க்கம் உள்ளே வந்தது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பிரேசிலில் சாவோ பாவ்லோவை ஒட்டி 1970-களில் தொடங்கிய ‘ஆல்ஃபாவில்’ (Alphaville) என்ற குடியிருப்பு அதற்குப் பெரிய உதாரணம். அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு வீட்டுவசதிக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய 70 லட்சம் குடும்பங்கள் மதிலுக்கோ வேலிக்கோ உள்ளேதான் வசித்தன.

உள்ளே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இது பெரிய வரம். தயக்கமே இல்லாமல் சொல்கிறேன். மாலையானால் எங்கள் தெரு முனையில் சைக்கிள்கள் சாலையிலேயே படுத்துக் கிடக்கும். ஒரு சிறுமி நடுச்சாலையில் உட்கார்ந்து சாக்கட்டியால் கட்டம் போட்டுக்கொண்டிருப்பாள். வருகிற கார் நிற்கும். அவள் கடைசிக் கோட்டையும் இழுத்து, கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு எழுந்த பிறகுதான் நகரும். ஹார்ன் அடிக்க யாருக்கும் மனசு வராது.

இதற்குக் காரணம் மதில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் குறுக்குப் போக்குவரத்து இல்லாததும், வண்டிகள் மெதுவாகப் போவதும்தான். வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வருகிற காரையும் 20-இல் வருகிற காரையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. ஆகவே உள்ளே 20-க்கு மேல் போகக்கூடாது என்ற விதி இருக்கிறதா, அதைவிட முக்கியமாக, அது நடைமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள். நீளமான நேர்ச்சாலை, அதில் வேகத்தடை கிடையாது என்றால், மதில் எவ்வளவு உயரமாக இருந்தும் பிள்ளைகளுக்குப் பயனில்லை. வேகமாக ஓட்டுவது பெரும்பாலும் வெளியாள் இல்லை, வேலைக்கு நேரமாகிவிட்ட பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அப்புறம், அமைதி. இரவில் தவளைச் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. நகரத்தின் நடுவிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் சில வாரம் தூக்கம்கூட வராது.

பாதுகாப்பு உண்மையிலேயே அதிகமா?

ஓரளவுக்கு. ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. அமெரிக்காவின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்புத் தரவை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் மதிலுக்குள் இருக்கும் வீடுகளில் புகுந்து திருடுவது குறைவு என்று தெரிந்தது. கலிபோர்னியாவில் வசதியான இரு குடியிருப்புகளை ஒப்பிட்டு 2000-இல் வெளியான இன்னொரு ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. மதிலுக்குள் இருப்பவர்கள் தங்களைப் பாதுகாப்பாக உணர்ந்தார்கள், ஆனால் குற்ற எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை.

என் அனுபவமும் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாய்ப்புப் பார்த்துக் கைவைக்கிற திருட்டு குறைகிறது. திட்டமிட்டு வருகிறவனுக்கு வாயில் பெரிய தடை இல்லை. ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, நேராக நிமிர்ந்து நடந்து வந்தால் பாதிக் காவலர்கள் வழிவிட்டுவிடுவார்கள். மதிலை நம்பிப் பின்கதவைப் பூட்டாமல் விடுகிற பழக்கம்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து.

நகர வாழ்க்கையைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் சொன்ன ஒரு விஷயம் இங்கே பொருந்தும். தெருவைக் காப்பது தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்கள் என்றார் அவர். எல்லாரும் காலையில் காரில் கிளம்பி இரவில் திரும்புகிற குடியிருப்பில் பகல் முழுக்க அந்தக் கண்கள் இல்லை. வாசலில் உட்கார்ந்து காற்று வாங்குகிற நாலு பெரியவர்கள் இருக்கிற தெருவுக்கு எந்தக் கேமராவும் ஈடாகாது.

வாயிலில் தினமும் காத்திருக்க வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருகிற ஒரு வண்டியை விசாரித்து, வீட்டுக்குப் போன் போட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு தடையைத் தூக்க 40 வினாடி ஆகிறது என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 90 வண்டிதான் உள்ளே வர முடியும். சில நூறு வீடுகள் இருக்கிற இடத்தில் மாலை நேரத்துக்கு இது போதாது. அதனால்தான் குடியிருப்பவர்களுக்குத் தனி வழியும் ஸ்டிக்கரோ கார்டோ வைத்துத் தானாகத் திறக்கும் தடையும் தேவைப்படுகின்றன.

இரண்டாவது வாயில் இருக்கிறதா என்பதை அதைவிட அழுத்தமாகக் கேளுங்கள். ஒரே வாயில்தான், அதில் ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டது, அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் வரவேண்டும் என்றால் என்ன செய்வது? அவசர வாயில் இருந்தும் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று இரவுக் காவலருக்குத் தெரியாத இடங்களை நானே பார்த்திருக்கிறேன்.

விருந்தாளிகள் வந்துபோவது?

சொல்லிவிட்டு வருகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆப்பில் ஒரு எண் அனுப்பினால் போதும். சொல்லாமல் வந்து கதவைத் தட்டுகிற பழைய நண்பர்தான் குறைந்துபோவார். வாயிலில் பெயர், ஊர், யாரைப் பார்க்க, எதற்கு என்று கேட்கும்போது சிலருக்கு மனசு சுருங்கிவிடுகிறது. பெரியவர்கள் ஒருமுறை இப்படி நின்றுவிட்டால் அடுத்த முறை வருவதற்கு யோசிப்பார்கள். நெருக்கமானவர்களின் பெயரை நிரந்தரப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். முதல்முறை வரும்போது வாயில் வரை நடந்துபோய் அழைத்து வாருங்கள்.

வேலைக்கு வருகிறவர்களை எப்படி நடத்துகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்கவேண்டும். வீட்டு வேலை, தோட்ட வேலை, சமையல், முதியோர் பராமரிப்பு என்று தினமும் உள்ளே வருகிறவர்கள் இல்லாமல் இப்படிப்பட்ட இடம் ஒரு வாரம்கூட ஓடாது. காலையில் பக்கவாட்டுச் சின்னக் கதவருகே போய் நின்று பாருங்கள். வரிசை நகரும் வேகம் தெரியும். அட்டையைக் காட்டி, பெயர் எழுதி, வந்த நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு உள்ளே போக வேண்டும். திரும்பும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பகல் முழுக்க நம் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒருவர், மாலையில் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

எங்கள் இடத்தில் முன்பு அந்த வரிசைக்கு மேலே கூரை இருக்கவில்லை, மழையில் நனைந்துகொண்டே நின்றார்கள். உள்ளே அவர்களுக்குக் கழிப்பறையும் இருக்கவில்லை. கூட்டத்தில் பலமுறை பேசிப் பேசித்தான் ஒரு கூரையும், ஒரு பெஞ்சும், இரண்டு கழிப்பறைகளும் வந்தன. பை சோதனையையும் நிறுத்தினோம். நிறுத்திய பிறகு திருட்டு கூடவில்லை. காவலர்கள் 12 மணி நேரம் நிற்கிறார்களா, உட்கார நாற்காலி இருக்கிறதா, வார விடுமுறை உண்டா என்பதையும் பாருங்கள். தூக்கமில்லாத காவலரால் உங்களுக்கும் பாதுகாப்பு இல்லை.

மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது?

காவலுக்கும் துப்புரவுக்கும் ஆகும் சம்பளம்தான் பெரிய பங்கு. அடுத்தது மின்சாரம். பலருக்குத் தெரியாத பெரிய செலவு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். நகராட்சிக் குழாய் எட்டாத புறநகரில் கழிவுநீரை அங்கேயே சுத்தம் செய்தாக வேண்டும். அழுக்கைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்களுக்கு இரவும் பகலும் காற்று வேண்டும். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது காற்று ஊதும் ப்ளோயரைப் பல மணி நேரம் நிறுத்திவைத்தால் அவை சாகத் தொடங்கும், நாற்றம் தெருவுக்கு வந்துவிடும். வீடு பார்க்கப் போகும்போது அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று மூச்சு விடுங்கள். நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கட்டணத்தை வீட்டுப் பரப்பளவை வைத்துக் கணக்கிடுவதா, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதா என்ற சண்டை எல்லா இடத்திலும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. காவலும் பூங்காவும் எல்லாருக்கும் சமம், தண்ணீரும் கழிவுநீரும் பயன்பாட்டைப் பொறுத்தவை. செலவுகளை இப்படி இரண்டாகப் பிரித்துக் கணக்கிடுகிற இடங்களில் சண்டை அடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒதுக்கு நிதி என்கிறார்களே, அது எதற்கு?

பம்ப், ஜெனரேட்டர், சாலை, மதில் பூச்சு எல்லாவற்றுக்கும் ஆயுள் உண்டு. புதுக் குடியிருப்பில் முதல் ஐந்து வருடம் எதுவும் கெடாது, கட்டணமும் குறைவாகவே இருக்கும், எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்கள். பத்தாவது வருடத்தை நெருங்கும்போது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும். அப்போது கையில் பணம் இல்லை என்றால் ஒரே தவணையில் பெரிய தொகை கேட்பார்கள். பாதிப்பேர் கட்ட மாட்டார்கள், வேலை பாதியில் நிற்கும். ஆகவே கட்டணம் குறைவாக இருக்கிற இடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். மாதாமாதம் எவ்வளவு ஒதுக்குகிறார்கள், எந்தக் கருவியை எந்த வருடம் மாற்றப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

சங்கத்தின் விதிகள் ரொம்பக் கெடுபிடியா?

இடத்துக்கு இடம் மாறும். வெளிச்சுவர் நிறம், பால்கனியில் துணி காயப்போடுவது, வண்டி நிறுத்தம், வீட்டு வேலை நடக்கும் நேரம் என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கலாம். விதி இருப்பதில் தவறில்லை. இரவு பத்து மணிக்குமேல் பக்கத்து வீட்டில் துளைபோடும் இயந்திரம் ஓடினால்தான் விதியின் அருமை தெரியும். பிரச்சினை, நாலு பேர் சேர்ந்து இரவோடு இரவாக வாட்ஸ்அப்பில் விதி போடுவது. பொதுக்குழுவில் வாக்கெடுத்து, எழுதி, எல்லாருக்கும் அனுப்பாத எதையும் விதியாக ஏற்காதீர்கள்.

அந்த வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் கேட்கிறார்கள். ரத்தம் தேவைப்பட்ட இரவில் பத்து நிமிடத்தில் ஆள் கிடைத்ததும் அதில்தான். நாய் அசுத்தம் செய்தது பற்றி மூன்று நாள் சண்டை நடந்ததும் அதில்தான். அறிவிப்புக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு குழு வைத்துக்கொண்டால் நிம்மதி.

செல்லப்பிராணி வளர்க்கலாமா?

பெரும்பாலும் வளர்க்கலாம். கயிறு, தடுப்பூசி, அசுத்தத்தை எடுத்துப் போடுவது என்ற மூன்றிலும் ஒழுங்காக இருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்த இடம் பிடிக்குமா?

எட்டு வயதில் சொர்க்கமாக இருந்த அதே தெரு பதினைந்து வயதில் கூண்டு மாதிரி ஆகிவிடலாம். நண்பன் வீட்டுக்கும் நூலகத்துக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் யாராவது காரில் கொண்டுபோய் விடவேண்டும். பஸ் நிறுத்தம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வெளி உலகத்தில் தனியாகப் போய்வரும் பழக்கம் வர வேண்டிய வயதில் அது வராமல் போகிறது. சாலையைக் கடக்கத் தயங்குகிற, டிக்கெட் எடுக்கத் தெரியாத கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். இதற்கு வழி இருக்கிறது. வாயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பொதுப் போக்குவரத்து உள்ள இடமாகத் தேடுங்கள். பன்னிரண்டு வயதிலிருந்தே சின்னச் சின்ன வேலைக்குத் தனியாக வெளியே அனுப்புங்கள்.

வயதானவர்களுக்கு?

நடக்கச் சமமான பாதை, மாலையில் பேச ஆள், கீழே விழுந்தால் தூக்கிவிடக் கை. இந்த மூன்றும் இருப்பதால் பெரும்பாலான பெரியவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பது மட்டும் முக்கியம். அதைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மாலை நெரிசலில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அக்கம்பக்கத்தாரோடு நெருக்கம் வருமா?

மதில் அதைத் தானாகக் கொண்டுவராது. மேலே சொன்ன கலிபோர்னியா ஆய்விலேயே, மதிலுக்குள் இருந்தவர்களிடம் ‘நாம் ஓர் ஊர்’ என்ற உணர்வு குறைவாகத்தான் இருந்தது. சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போதுதான் நெருக்கம் வருகிறது. எங்கள் தெருவில் ஒரு வெள்ளத்தின்போது மணல் மூட்டை அடுக்கியவர்கள்தான் இன்றைக்கும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வருகிறவர்கள்.

வாடகைக்கு இருந்தால் மரியாதை குறைவா?

பல இடங்களில் வாக்குரிமை கிடையாது, கிளப் ஹவுஸுக்குத் தனிக் கட்டணம்கூட வாங்குவார்கள். கட்டணம் கட்டி அங்கேயே வாழ்கிறவருக்குப் பேச உரிமை இல்லை, எங்கோ தூரத்தில் இருக்கிற சொந்தக்காரருக்கு உண்டு என்பது எனக்கு ஏற்புடையது இல்லை. வாக்கு இல்லாவிட்டாலும் கூட்டத்தில் உட்கார்ந்து பேச அனுமதிக்கிற சங்கங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதனால் என்ன?

நிறைய. ஒரு பக்கம் 500 மீட்டர் உள்ள சதுரக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு மதிலின் நடுவில் நிற்கிறவர் கிழக்கு மதிலின் நடுவுக்குப் போக, நேர்வழி இருந்தால் 500 மீட்டர் நடந்தால் போதும். மதில் இருப்பதால் சுற்றிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதுவும் ஜன்னலோ கடையோ மனித முகமோ இல்லாத வெறும் சுவரை ஒட்டி. இரவில் ஒரு பெண் அந்தச் சுவரை ஒட்டி நடந்து போவதை நினைத்துப் பாருங்கள். நம் பாதுகாப்பு அவருக்குப் பயமாகிவிடுகிறது. சீன அரசு 2016 பிப்ரவரியில் இனிப் புது மூடிய குடியிருப்புகள் கட்டக்கூடாது, இருப்பவற்றின் உட்சாலைகளையும் படிப்படியாகத் திறக்க வேண்டும் என்று அறிவித்ததற்கு இந்தச் சாலைப் பிரச்சினையும் ஒரு காரணம். குடியிருப்பவர்களிடமிருந்து அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது.

நிலத்துக்கும் இது பொருந்தும். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் அருகே நோர்டெல்டா என்ற பெரிய குடியிருப்பு சதுப்பு நிலத்தின் மேல் எழுந்தது. 2021-இல் கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்குகள் கூட்டமாக அதன் புல்வெளிகளுக்குள் வந்தன. விலங்குகள் படையெடுத்துவிட்டன என்று சிலர் புகார் சொன்னார்கள். அது அவற்றின் இடம்தானே என்று மற்றவர்கள் கேட்டார்கள். தாழ்வான நிலத்தை மேடாக்கிக் கட்டினால் அங்கே தேங்கிய மழைநீர் வெளியே இருக்கிறவர் வீட்டுக்குள்தான் போகும். நீங்கள் வாங்கும் இடம் முன்பு என்னவாக இருந்தது என்று பழைய வரைபடத்தில் பாருங்கள், பக்கத்து ஊர்க்காரர்களிடமும் விசாரியுங்கள்.

மதிலுக்கு வெளிப்பக்கம் விளக்கு போடுவது, ஓரமாக நடைபாதை விடுவது, பகலில் ஒரு பாதசாரி வழியைத் திறந்துவைப்பது எல்லாம் சங்கம் மனசு வைத்தால் முடிகிற காரியங்கள்.

வாங்கும் முன் ஒரே ஒரு விஷயம்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?

கடைசி மூன்று வருடப் பொதுக்குழுக் கூட்டக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிப்பேன். எத்தனை வீட்டுக்காரர்கள் வந்தார்கள் என்று முதல் பக்கத்தில் இருக்கும். முந்நூறு வீட்டில் இருபது பேர் வந்திருந்தால், அந்த இருபது பேர் உங்களுக்காக முடிவெடுக்கிறார்கள் என்று அர்த்தம். தணிக்கை செய்த கணக்கு வைக்கப்பட்டதா, கட்டண பாக்கி எவ்வளவு, தேர்தல் உரிய காலத்தில் நடந்ததா என்று பார்ப்பேன். ஒரே குழாய்க் கசிவு மூன்று வருடமும் ‘விரைவில் சரிசெய்யப்படும்’ என்று எழுதப்பட்டிருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவேன். குறிப்பைத் தர மறுத்தால், அங்கே சொந்த வீட்டில் இருக்கிற ஒருவரிடமும் வாடகைக்கு இருக்கிற ஒருவரிடமும் வாயிலில் நிற்கிற காவலரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். சம்பளம் மாதம் பிறந்ததும் வருகிறதா என்று காவலரிடம் கேட்க மறக்காதீர்கள்.